தாப்பா ரோடு வரை ரயில்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு இருபத்திரண்டு வருடம் மின்ரயிலில் வேலைக்குப் போய் வந்தவள் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் முன்னால் என் கால் ரயில் நிலையத்துக்குத்தான் போகும். கேமரன் மலைத் தேயிலையைப் பார்க்கக் கிளம்பியவள், முதல் இரண்டு நாளையும் கோலாலம்பூர் ரயில்களிலேயே கழித்தேன்.

கேஎல் சென்ட்ரல் நிலையம் 2001-இல் திறக்கப்பட்டது. காலை ஏழு மணிக்கு அதன் நடுக்கூடத்தில் நின்றால் நகரமே நம்மைக் கடந்துபோகிறது. கிள்ளானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வரும் கொமுட்டர் என்ற புறநகர் ரயில், ஓட்டுநர் இல்லாமல் ஓடும் எல்ஆர்டி, விமான நிலைய ரயில், வடக்கே பேராக்குக்கும் பினாங்குக்கும் போகும் நெடுந்தூர ரயில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பள்ளிச் சீருடையில் பையன்கள் எல்ஆர்டியின் முதல் பெட்டிக்கு ஓடுகிறார்கள். ஓட்டுநர் அறை இல்லாததால் முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தண்டவாளம் தங்களை நோக்கி ஓடி வருவதைப் பார்க்கலாம். நானும் அவர்களோடு நின்று பார்த்தேன். மலேசியக் குடிமக்கள் மாதம் 50 வெள்ளி கட்டினால் நகரத்து எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பேருந்து எதிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் இன்றும் வெள்ளி என்றே சொல்கிறார்கள்.

நிலையத்தை விட்டு வெளியே நடந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ். ரயில்வேக்காரர்களின் பேட்டையாக வளர்ந்த இடம். ஒரு ஒட்டுக்கடையில் இடியப்பத்துக்குத் தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவிக்கொண்டிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என் பேச்சைக் கேட்டதுமே, "ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா? பசியாறுங்க, பசியாறுங்க" என்றார். அவருக்கு ஊர் என்றால் இந்தியா. அவர் அங்கே ஒருமுறையும் வந்ததில்லை.

அவருடைய அப்பா தண்டவாளப் பராமரிப்பு கேங்கில் இருந்தவர். தோளில் சம்மட்டியும் கையில் ஸ்பேனருமாகத் தினமும் பாதை மேலேயே நடை. "சடக்குல நடந்ததைவிட எங்கப்பா சிலிப்பர் கட்டை மேல நடந்ததுதான் அதிகம்மா. சாகுறப்பகூட அவரு நடை கட்டைக்குக் கட்டை தாண்டுற மாதிரியே இருக்கும்" என்றார். சடக்கு என்றால் சாலை. அந்தச் சொல்லை அந்தப் பயணம் முழுக்கக் கேட்டேன்.

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குப் போடப்பட்டது. அதைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ஒரு பாதை. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகத்தான் இரண்டும். அலுவலகத்தில் பேனா பிடிக்க யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். கல்லும் கட்டையும் சுமக்கத் தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசுவாமி கோயிலும், 1904-ஆம் ஆண்டின் விவேகானந்தா ஆசிரமமும் இன்றும் நிற்கின்றன. கேங் ஆட்களின் குடியிருப்புகள்தான் உயர்ந்த கட்டடங்களுக்கு இடம்விட்டுப் போய்விட்டன. பெரியவர் பிறந்த வரிசை வீடு இருந்த இடத்தைக் கையை நீட்டிக் காட்டினார். அங்கே நாற்பது மாடிக் கண்ணாடியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அவரிடம் நான் ஒன்று சொன்னேன். தாம்பரம் பாதையில் 1931-இல் ஓடத் தொடங்கிய மின்ரயில் மீட்டர் கேஜில் ஓடியது. நான் கல்லூரிக்குப் போனதும் அதில்தான். 2004-இல் அதை நிறுத்திவிட்டு முழுக்க அகலப்பாதை ஆக்கினார்கள். மலேசிய ரயில்வேயின் பாதைகள் இன்றும் அதே மீட்டர் கேஜ். பெரியவர் கையை விரித்து அளவு காட்டினார், நானும் காட்டினேன். இருவர் கையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

புக்கிட் ஜாலில்

மாலையில் எல்ஆர்டியில் தெற்கே போனேன். புக்கிட் ஜாலில் நிலையத்துக்கு எதிரே பிரமாண்டமான விளையாட்டரங்கம். 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது. ரயில் பாதையும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. அதற்கு முன் அந்த நிலம் ரப்பர் தோட்டம். பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் வேலை போன பிறகும் வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய இடம் அது.

கோலாலம்பூரின் புது ரயில்கள் பலவும் பழைய தோட்டங்களின் மேல் ஓடுகின்றன. எம்ஆர்டியின் பண்டார் உத்தாமா நிலையம் இருக்கும் நகரப்பகுதி எஃபிங்ஹாம் தோட்டமாக இருந்தது. மரம் இருந்த காலத்தில் அங்கிருந்தவர்களுக்கு ரயில் வரவில்லை. மரமும் ஆட்களும் போன பிறகு வந்தது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. நல்ல ரயில், மலிவான ரயில், பெண்கள் இரவு பதினோரு மணிக்கும் தனியாக ஏறும் ரயில். அதை முழு மனதோடு பாராட்டுகிறேன். பாராட்டும்போதே, இந்த நடைமேடைக்குக் கீழே யாருடைய பால்மர வெட்டுக்காடு இருந்தது என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கோலாலம்பூரிலிருந்து தாப்பா ரோடு

வடக்கே போகும் ரயில் முதலில் பழைய கோலாலம்பூர் நிலையத்தைக் கடக்கிறது. 1910-இல் திறந்த வெள்ளைக் கட்டடம், வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். குவிமாடங்களையும் வளைவுகளையும் பார்த்தபோது எழும்பூர் ஞாபகம் வந்தது. பிறகு புறநகர் முடிந்து செம்பனை தொடங்குகிறது. இந்த மீட்டர் கேஜில்தான் எங்கள் ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போனது. நான் தேத்தண்ணிக் கோப்பையை மடித்த பலகையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பக்கத்து இருக்கையில் ஒரு இளம்பெண். கோலாலம்பூரில் தாதி. மூன்று நாள் விடுப்பில் பாட்டியைப் பார்க்கப் போகிறாள். பாட்டி இருப்பது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் போகும் இடமும் அதுதான் என்றதும், "அப்ப எங்ககூடவே வாங்க ஆன்ட்டி, பாட்டிக்கு ஊர்க்காரங்கன்னா உசுரு" என்றாள். என் பயணம் அந்த நொடியில் வேறு தடத்துக்கு மாறியது.

குவாங் என்ற சிறிய நிலையத்தை ரயில் நிற்காமல் கடந்தது. இங்கிருந்துதான் ஒரு கிளைப்பாதை பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. மலாயா ரயில் எஞ்சின்கள் தின்ற கரி அங்கிருந்து வந்தது. அந்தச் சுரங்க நிறுவனத்தை உருவாக்கியவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல். அதே ரஸ்ஸல்தான் 1929-இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ரயிலுக்குக் கரியும் மலைக்குத் தேயிலையும் ஒரே மனிதரின் கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்கின்றன. சுரங்கம் 1960-இல் மூடப்பட்டது. தேயிலை இன்னும் துளிர்க்கிறது.

தஞ்சோங் மாலிம் தாண்டி ஸ்லிம் ரிவர் வந்தபோது அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "பாட்டியோட அப்பாவ இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்துலேர்ந்துதான் ஜப்பான்காரன் சயாமுக்குக் கூட்டிட்டுப் போனானாம். திரும்பி வரல."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் சயாம் என்ற சொல்லுக்கு மேல் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. 1942-லும் 43-லும் சயாம் என்ற தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட, ஜப்பானியர்கள் போர்க்கைதிகளோடு தோட்டத்துத் தமிழர்களையும் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். அந்தப் பாதைக்காக மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தமிழன் போட்ட தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, தமிழனையும் அதோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தாப்பா ரோடு நிலையத்தில் இறங்கியவர்கள் பத்துப் பேர் இருக்கும். இங்கிருந்து 1893-இல் தெலுக் அன்சன் துறைமுகத்துக்கு ஒரு பாதை போட்டார்கள். இன்றைய தெலுக் இந்தான். அதுவும் இப்போது இல்லை. ரயில் துறைமுகத்தையும் ஈயத்தையும் நினைத்து ஓடியதால் தாப்பா நகரம் தள்ளியே நின்றுவிட்டது. நிலையத்தின் பெயரிலேயே அது தெரிகிறது: தாப்பாவுக்குப் போகும் சாலை இது, தாப்பா இன்னும் தூரம்.

தாப்பாவிலிருந்து மேலே

தாப்பாவில் ஒரு மலாய்க் கடையில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு மலைப் பேருந்தில் ஏறினோம். நெத்திலியும் சம்பலும் இன்னும் நாக்கில் எரிந்துகொண்டிருந்தன. தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதில் நேர்க்கோடு என்று சொல்லத்தக்கது கொஞ்சமே. கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது, இந்தப் பழைய சாலையோ பேராக்கிலிருந்து ஏறுகிறது. மலையை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பயணம் 1885-இல். மேலே ஏறச் சாலை வந்தது 1930-களின் தொடக்கத்தில்.

எங்கள் ஊரில் குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் ரயில் ஏறிவிட்டது. பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் அந்த ரயிலும் மீட்டர் கேஜ்தான். கேமரன் மலைக்கு ரயில் வரவில்லை. இங்கே சாலையையே நம்பியிருக்கிறார்கள்.

லாத்தா இஸ்கந்தார் அருவியில் பேருந்து வேகம் குறைத்தது. வழியோரம் செமாய் பழங்குடியினர் மூங்கில் தட்டிகளில் பெத்தாய்க் காய்க் கொத்துகளையும் தேன் குப்பிகளையும் தொங்கவிட்டிருந்தார்கள். இந்த மலைக்கு உண்மையான ஊர்க்காரர்கள் அவர்கள்தான். ஒரு செமாய்த் தாய் முதுகில் குழந்தையோடு கை காட்டினாள். பேருந்து நின்றது. நாலு வளைவு தள்ளி, எந்தப் பலகையும் இல்லாத இடத்தில் இறங்கிக் காட்டுக்குள் போனாள். நிறுத்தம் இருக்கிறதோ இல்லையோ, ஆள் இருக்கும் இடத்தில் நிறுத்திய அந்த ஓட்டுநரைக் கைகூப்பி வணங்கலாம் என்று தோன்றியது.

ரிங்லெட் வந்ததும் காற்று மாறியது. மலைச்சரிவெல்லாம் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். ஹாபுவில் நானும் அந்தப் பெண்ணும் இறங்கினோம். பேருந்து தானா ராத்தாவுக்குப் போய்விட்டது. எங்கள் முன்னால் ஒற்றை வண்டி போகும் அகலத்தில் ஒரு தோட்டச் சாலை, இரு பக்கமும் தேயிலை.

"இதுக்கு மேல பஸ் இல்ல ஆன்ட்டி" என்றாள். அவள் தம்பி மோட்டாரில் வந்து அவளை ஏற்றிக்கொள்வது வழக்கமாம். அன்று எனக்காகக் காய்கறி ஏற்றப் போகும் வேனில் இடம் கேட்டு வைத்திருந்தான்.

தோட்டம்

தேயிலைத் தோட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கிட்டே போனால் அது முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் நிற்கும் கெட்டியான மரம். கிளை காலைக் கிழிக்கும். சரிவில் இரண்டு ஆட்கள் ஒரு இயந்திரத்தை வரிசைக்கு மேலே இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், கொழுந்து பின்னால் பைக்குள் பறந்து விழுந்தது. செங்குத்தான இடங்களில் கத்தரியால் வெட்டினார்கள். பேச்சுக் கொடுத்தேன். ஒருவர் வங்கதேசத்துக்காரர், இன்னொருவர் நேபாளி. வால்பாறையில் நான் பார்த்ததும் இதே மாற்றம்தான். அங்கே அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்தெடுக்கிறார்கள். கூடையை முதுகில் மாட்டி இரு கையால் கிள்ளும் தமிழ்ப் பெண்ணின் படம் டப்பாக்களில் மட்டும் தங்கிவிட்டது.

தொழிற்சாலையின் வாசனையை வேனிலேயே பிடித்துவிட்டேன். நாலு அல்லது ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலிக்கிறார்கள். புளிக்கும் நேரத்தில் இலை பச்சையிலிருந்து செம்புக்கு மாறும். அப்போது வரும் மணம் தேநீர் மணம் அல்ல. மழைக்குப் பிறகு நெல் அவிக்கும் வீட்டின் மணம் போல இருந்தது எனக்கு.

பாட்டி, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். மேலே கம்பளிச் சட்டை, கீழே சேலை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி மலைக்கு ஏறியவர். நாற்பது வருடம் கொழுந்து. "விடியக் காலம் பெரட்டுக்குப் போவணும். மூடுபனியில மண்டோர் மூஞ்சியே தெரியாது, குரலுதான் தெரியும்" என்றார். பெரட்டு என்பது ஆள் எண்ணி வேலை பிரிக்கும் அணிவகுப்பு, மண்டோர் என்றால் மேஸ்திரி.

பேத்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அந்தத் தோட்டத்திலேயே பறித்து, அங்கேயே உலர்த்திய தூள். பாலில்லாமல் சர்க்கரை மட்டும் போட்ட தே ஓ. அதோடு வெறும் உப்பு பிஸ்கட். அந்த மலையில் அதைவிட நல்லதை நான் எங்கும் குடிக்கவில்லை.

பேச்சு போக்குவரத்துக்குத் திரும்பியது. நான்தான் திருப்பினேன். வாரம் ஒருமுறை சாமான் வாங்க வேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குத் தினமும் வேனில் போக வேண்டும். வேன் காசு கொடுக்க முடியாத மாதத்தில் பிள்ளை வீட்டில் நின்றுவிடும். கிளினிக்குக்குப் போக யாரிடமாவது காடி, அதாவது கார், இருந்தால் சரி. பேத்தி கணக்குச் சொன்னாள்: "கேஎல்ல நான் மாசம் 50 வெள்ளிக்கு எங்க வேணா போறேன் ஆன்ட்டி. பாட்டி ஒருதடவ பெரிய ஆஸ்பத்திரி போய் வந்தா அதுக்கு மேல ஆயிடும்."

நான் வால்பாறையைப் பற்றிச் சொன்னேன். அரசுப் பேருந்து விடிகாலையில் எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றி வரும். 2021-இலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குச் சீட்டுக்குக் காசில்லை, பிறகு மலைப் பகுதிகளுக்கும் அது வந்தது. பாட்டி நம்பவில்லை. "காசே வாங்காம ஏத்திக்குவானா? வண்டியில எடமிருக்குமா?" என்று கேட்டார். இடம் பல நாள் இருக்காது என்ற உண்மையையும் சொன்னேன். "நிக்கலாமே" என்றார் பாட்டி. "நின்னுக்கிட்டே போவலாமே."

இந்தத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் ஏன் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று கேட்பவர்கள் சம்பளத்தைச் சொல்வார்கள். சம்பளம் உண்மை. ஹாபுச் சந்திக்கும் அந்த லயத்துக்கும் நடுவில் காலையும் மாலையும் ஒரு சிறு பேருந்து ஓடியிருந்தால், தானா ராத்தாவில் வேலை பார்த்துக்கொண்டே அந்தத் தாதிப்பெண் பாட்டியோடு இருந்திருப்பாள் என்பதும் உண்மை. அவளே சொன்னாள் அதை.

புறப்படும்போது

இரண்டு இரவு அவர்களோடு இருந்தேன். பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி கோயிலுக்கு மூவரும் போனோம், அந்த வேனில்தான். திரும்பும் வழியில் பாட்டி சுருக்குப் பையைத் திறந்து வெற்றிலைக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். டச் அண்ட் கோ அட்டை, பேத்தி வாங்கிக் கொடுத்தது. ஓரமெல்லாம் சுண்ணாம்பு.

"இது என்னோட ரயில் அட்டை" என்றார்.

அவருடைய அம்மா சாகும்வரை ரயிலில் ஏறவில்லையாம். புருஷனை ஏற்றிக்கொண்டு போன பெட்டியின் கதவை மூடியதைப் பார்த்தவர் அவர். பாட்டியையும் ஏறவிடவில்லை. பத்துமலைக்குக் கொமுட்டர் ரயில் 2010-இல் வந்தது. அடுத்த தைப்பூசத்தில் பேத்தி கையைப் பிடித்து ஏற்றினாள். பழைய ரயில்வே பட்டறை இருந்த செந்தூல் வழியாக, முருகனின் சிலை ஜன்னலில் தெரியும்வரை போகும் ரயில். தைப்பூசத்துக்கு ராத்திரி முழுக்க ஓடும். ஏறின முதல் நிமிடம் கண்ணை மூடிக்கொண்டதாகவும், திறந்தபோது பெட்டி முழுக்கக் காவடிக்காரர்களும் பால்குடமும் குழந்தைகளுமாக இருந்ததாகவும் பாட்டி சொன்னார். "அத்தன பேரும் எறங்கித் திரும்பி வந்தாங்கம்மா. ஒருத்தர் விடாம வந்தாங்க."

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் போகிறார். மற்ற நாளெல்லாம் அட்டை சுருக்குப் பையில் இருக்கிறது.

மறுநாள் விடிகாலையில் ஹாபுச் சந்தியில் நானும் பேத்தியும் கீழே போகும் பேருந்துக்காக நின்றோம். பாட்டி வர வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. கொழுந்து லாரியின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டு வந்துவிட்டார். மூடுபனியில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பேருந்தின் சத்தம் முதலில் கேட்டது, பிறகு மஞ்சள் விளக்கு. பாட்டி சாலையின் நடுவுக்கே போய்க் கையை நீட்டி நிறுத்தினார்.